கடலுக்கடியில் சம்பந்தி

அன்பு மகள் யாழினிக்கு,

உறையூரிலிருந்து அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடியில் காயும் வடகம் எல்லாரும் சௌக்கியம். அங்கே பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் சின்ன ஆளும் சௌக்கியமாக இருக்க வெக்காளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் எனக்குக் கோபம் மறந்துபோகும். நான் கோபமாக இருக்கிறேன் என்பதை முதலில் தெரிந்துகொள்.

"அப்பா, நீங்களும் அம்மாவும் அந்தமான் போய்ட்டு வாங்க, எல்லாம் புக் பண்ணியாச்சு" என்று தேனாகச் சொன்னாயே, அதே விமானத்தில் மாப்பிள்ளையின் அப்பா அம்மாவுக்கும் டிக்கெட் போட்டிருப்பதைச் சொன்னாயா? திருச்சி ஏர்போர்ட் வரிசையில் எனக்கு முன்னால் பூப்போட்ட சட்டையும் தொப்பியுமாக ஒருவர் நின்றார். யாரோ வெளிநாட்டுக்காரர் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மரியாதையாக வழி கேட்டேன். திரும்பினார். பீமராவ்! உன் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சாம்பாரே எங்க மராட்டிக்காரங்க தஞ்சாவூர் அரண்மனையில கண்டுபிடிச்சதுதாங்க. அந்த வகையில இன்னைக்கு நம்ம சம்பந்தி போட்டது அருமையான ரசம்" என்று சபை முழுக்கச் சிரிக்கும்படி பேசிய அதே பீமராவ். அன்றிலிருந்து காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் அவர், இந்தப் பக்கம் உறையூரில் நான். நடுவில் பாலம் இருந்தும் போக்குவரத்து இல்லை. உன் வளைகாப்பை எங்கே வைப்பது என்று நீயும் மாப்பிள்ளையும் இரண்டு வீட்டுக்கும் தூது போய்க் களைத்து, கடைசியில் "எனக்கு வளைகாப்பே வேணாம்ப்பா" என்று நீ அழுதது எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் ரசம் என்று சொன்னது சொன்னதுதானே? நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "நான் வீட்டுக்குப் போறேன்" என்றேன். உன் அம்மா, "சரி, போங்க. நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றாள். அதற்குள் அவளும் சம்பந்தியம்மா ரஞ்சனிபாயும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். பிறகு நான் எங்கே போவது?

ஹேவ்லாக் தீவு வரைக்கும் நாங்கள் இரண்டு ஆண்களும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்கள் இருவரும் பேச்சை நிறுத்தவே இல்லை. அந்தக் கடலைப் பற்றி மட்டும் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன், கேள். நீலம் என்று சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. கண்ணாடிச் சீசாவை வெயிலில் பிடித்த மாதிரி இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் கால் விரல் நகம் தெரிகிறது. ஜென்மத்தில் சேலையைத் தவிர வேறு எதுவும் உடுத்தாத உன் அம்மா சுடிதார் போட்டுக்கொண்டு, ரஞ்சனிபாய் கையைப் பிடித்தபடி அலையில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூட எழுந்திருக்கவில்லை. "இவ்வளவு நாளா இதை எங்கிட்ட யாருமே சொல்லலையே" என்று என்னைக் குற்றம் சாட்டினாள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் புக் பண்ணிய கணக்கில் ஸ்கூபா என்று ஒன்று இருந்தது. முதுகில் சிலிண்டரைக் கட்டிக் கடலுக்குள் இறக்கிவிடுகிறார்கள். நான் வேண்டாம் என்றுதான் இருந்தேன். சம்பந்தி தன் மனைவியிடம், எனக்குக் கேட்கும்படி, "பாவம், அவர் வயசுல இதெல்லாம் கஷ்டம்தான்" என்றார். யாழினி, அவர் என்னைவிட மூத்தவர்! உடனே பெயர் கொடுத்தேன். நான் கொடுத்ததும் அவரும் கொடுத்தார். இருவரையும் டாக்டர் பார்த்துச் சரி என்றதும் ரப்பர் உடுப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். பழைய சைக்கிள் டியூபுக்குள் ஆளைத் திணிப்பது மாதிரி. ஜிப் முதுகுப் பக்கம் இருக்கிறது, கை எட்டவில்லை. நான் சுற்றிச் சுற்றி வந்தேன். அவரும் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் பின்னாலிருந்து, "சம்பந்தி, மூச்சைக் கொஞ்சம் உள்ளே இழுங்க" என்று குரல் கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நானும் அவருக்கு ஜிப் போட்டுவிட்டேன். மனிதாபிமானம்.

எங்களுக்கு மாஸ்டராக வந்தது ஆஷ்லி என்ற பெண். போர்ட் பிளேரில் பிறந்த தமிழ்ப்பிள்ளை, உன்னைவிடச் சின்னவள். ஆளுக்கு ஒரு மாஸ்டர் என்றுதான் பேச்சு. இன்னொருவருக்குக் காய்ச்சல் என்பதால் எங்கள் இருவரையும் அவளே கூட்டிப்போனாள், கூடவே ஒரு கேமராக்காரர். "அங்கிள், தண்ணிக்குள்ள பேச முடியாது, சைகைதான். எல்லாம் சரின்னா விரலை வளைச்சு வட்டம் காட்டுங்க. கட்டை விரலைத் தூக்கினீங்கன்னா மேலே போகணும்னு அர்த்தம்" என்று தெளிவாகத்தான் சொன்னாள். ஆனால் பட்டறையில் இத்தனை வருஷம் வேலை நன்றாக வந்தால் கட்டை விரலைத் தூக்கிப் பழகிய கை இது. உள்ளே போனதும் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட மீன் கூட்டம் மூக்குக்கு நேராக வந்தது. தூக்கினேன். ஆஷ்லி என்னை மேலே கொண்டுவந்துவிட்டாள்.

"என்னாச்சு அங்கிள்?"

"ஒண்ணும் ஆகலைம்மா. மீன் சூப்பர்!"

மறுபடி இறங்கினோம். பூ மாதிரி விரிந்த ஏதோ ஒன்றுக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறக் குட்டி மீன் எட்டிப் பார்த்தது. நான் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டேன். இந்தத் தடவை தூக்கியது சம்பந்தி. மறுபடி மேலே. ஆஷ்லி தண்ணீரில் மிதந்துகொண்டே, "இவ்வளவு சந்தோஷமா மேலே வர்றவங்களை நான் பார்த்ததே இல்ல அங்கிள்! ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கோங்க. ஒருத்தர் கட்டை விரலைத் தூக்கினா இன்னொருத்தர் மடக்கிடுங்க" என்றாள். என்ன செய்வது? கோத்துக்கொண்டோம்.

கொஞ்சம் ஆழம் போனதும் எனக்குக் காதுக்குள் ஆணி அடித்த மாதிரி வலி. ஆஷ்லி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் மூக்கைப் பிடித்து ஊதிக் காட்டினார். நானும் ஊதினேன். காது டப்பென்று திறந்தது. சரியா என்று விரலை வளைத்துக் கேட்டார். சரி என்று வட்டம் காட்டினேன். அவரால் பேச முடியாது, என்னாலும் பேச முடியாது. இந்த வசதி மட்டும் கல்யாண மண்டபத்தில் இருந்திருந்தால் இத்தனை பாடு வந்திருக்காது.

அப்போதுதான் ஆஷ்லி எங்கள் பக்கம் திரும்பி, பரபரப்பாகக் கையை நீட்டிக் காட்டினாள். பார்த்தால், மணலில் எங்களுக்கு நேர் எதிரே, பாசி படர்ந்த ஓட்டுடன் ஒரு பெரிய ஆமை! எங்களைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது. மரியாதை தெரிந்த ஆமை. எனக்கு என்ன தோன்றியதோ, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். பக்கத்தில் பார்த்தால் சம்பந்தியும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். கண்ணாடிக்குள் கண் கலங்கியது அவருக்கா எனக்கா என்று தெரியவில்லை.

கரைக்கு வந்து, ரப்பர் உடுப்போடு மணலில் மல்லாந்து கிடந்தபோது அவரே ஆரம்பித்தார். "அன்னைக்கு மைக்கில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க சம்பந்தி."

"விடுங்க. உண்மையிலேயே தண்ணியாத்தான் இருந்துச்சு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் என்னவோ ஆகிவிட்டது என்று உன் அம்மாவும் ரஞ்சனிபாயும் ஈரத்தோடு ஓடிவந்தார்கள்.

ஆகவே மகளே, நடந்த முடிவு இது. உன் வளைகாப்பு ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீட்டில். அங்கிருந்து பாலம் தாண்டி நேராக நம் வீட்டுக்கு நீ வருகிறாய். சமையலுக்கு நான் பிடிக்கும் ஆள், சாம்பாருக்கு மட்டும் சம்பந்தியின் மேற்பார்வை. எங்களைச் சேர்த்துவைத்த ஆமையை மறக்கக் கூடாது என்று, பத்திரிகையில் பிள்ளையாருக்குக் கீழே ஆமைப் படம் போட்டு அச்சுக்குக் கொடுத்தாயிற்று. குழந்தைக்கு வெள்ளியில் ஒரு ஆமையும் சொல்லியாயிற்று. ஆமைக் கதையை நான் உறையூர் முழுக்கச் சொல்லிவிட்டேன். அவர் கோயில் பக்கம் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஏமாற்றி அனுப்பியதற்காக உன்மேல் இருந்த கோபம் இந்த வரியோடு தள்ளுபடி.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. மாதுளை சாப்பிடு, மாடிப்படியில் மெதுவாக ஏறு. அம்மாவின் முத்தமும் என் ஆசீர்வாதமும் உனக்கும் சின்ன ஆளுக்கும் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
அன்பு அப்பா
நல்லுசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் சம்பந்தி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். ஆஷ்லி வீடியோ அனுப்பியிருக்கிறாளாம். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தோம். நாங்கள் கும்பிட்டது ஒரு பாறை. நிஜமான ஆமை எங்கள் முதுகுக்குப் பின்னால் நிதானமாக நீந்திப் போகிறது. ஆஷ்லி அதைத்தான் காட்டுகிறாள், தலையில் அடித்துக்கொள்கிறாள். நாங்கள் பாறையைக் கும்பிட்டு முடித்து, ஒருவர் கட்டை விரலை ஒருவர் மடக்கிக்கொண்டிருக்கிறோம். சிரித்துச் சிரித்து சம்பந்திக்குப் புரையேறி, உன் அம்மா வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். புக்கிங் மாப்பிள்ளை பெயரில் இருப்பதால் அவர் போனுக்கும் அந்த வீடியோ வந்திருக்குமாம். இந்தப் பக்கத்தை மட்டும் உடனே படம் எடுத்து அனுப்புகிறேன்: பார்க்காமல் அழித்துவிடவும். இது இரண்டு வீட்டாரும் சேர்ந்து உங்களுக்குப் போடும் முதல் உத்தரவு.

(ஒப்பம்) நல்லுசாமி
(ஒப்பம்) பீமராவ்