ஸிகினோஸில் சிக்கிய நங்கூரம்

அன்புள்ள என்று எழுத மனம் வராத தங்கை கல்லியோவுக்கு,

அக்கா ஸ்டமாட்டா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். உன் சுகத்தை விசாரிக்க அவசியமில்லை. நீ மாடியில் போர்வை உதறுவது படகிலிருந்தே தெரிகிறது.

உன் ஸிகினோஸ் தீவைத் தேடி நான் வரவில்லை. என் மகன் லெஃப்தேரிஸ் பாய்மரப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு பாரோஸ் தீவு மாதா திருவிழாவுக்குப் போகலாம் என்றான். காற்று நம்ம சொன்னபடி கேக்கும் என்றான். அவன் சொன்னபடி அவன் வீட்டுப் பூனைகூடக் கேட்டதில்லை. வடகாற்று எங்களைப் பாரோஸைத் தாண்டித் தள்ளியது, மாதா கோவில் கிட்டே வந்து அப்படியே கடந்து போய்விட்டது, நான் ஓடுகிற படகிலேயே சிலுவை போட்டுக்கொண்டேன், மருமகள் வாஸோ வாளியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாள், இவன் மாலுமித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இதுவும் நல்ல வழிதாம்மா" என்கிறான். நல்ல வழி உன் வாசலில் கொண்டுவந்து விட்டது.

நங்கூரத்தைப் போட்டுப் படகைப் பின்பக்கமாகக் கரைக்கு ஒட்டினானா, நங்கூரம் போய் உன் மகன் நிகிதாஸ் படகின் நங்கூரச் சங்கிலிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவன் சங்கிலியைத் தூக்கினால்தான் எங்களுக்கு விடுதலை. தூக்குடா என்றால் கைகட்டி நின்று, "பெரியம்மா, இறங்கி வந்து எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க, தூக்குறேன்" என்கிறான். யார் வளர்ப்பு என்று கேட்கத் தேவையில்லை. காப்பிக்கடை ஆம்பளைங்க நாற்காலியை எங்க பக்கம் திருப்பிப் போட்டு உக்காந்திருக்காங்க. நான் என் நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிட்டேன்.

நான் ஏன் இறங்கணும்? அம்மா செத்த நாற்பதாம் நாளுக்குக் கோவிலில் படைக்க நான் வேக வைத்து மாதுளை முத்து கலந்த கோதுமை மணி மணியா உதிர்ந்தது. நீ பாதிரியார் காதில், "அக்கா களி கிண்டியிருக்கா" என்றாய். அவர் சிரிச்சப்போ பல்லுல மாதுளை முத்து ஒட்டியிருந்தது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னியிலேருந்து உன் மண்ணை நான் மிதிக்கல. கோதுமை உதிரியாத்தான் இருந்துச்சுன்னு கரைக்கு வந்து, காப்பிக்கடைக்கே கேக்கற மாதிரி சொல்லு. அதுவரை இந்தப் படகிலேயே செத்தாலும் சாவேன்.

கடிதம் கொண்டுவருகிறவள் வாஸோ. காலையிலேயே உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவள். மறுபடி தட்டு வைக்காதே.

மாதா உன் கண்ணுக்கு வெளிச்சமும் நாக்குக்கு ஓய்வும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் மூத்தவள்
ஸ்டமாட்டா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போதே நிகிதாஸ் மனமிரங்கிச் சங்கிலியைத் தூக்கிவிட்டான். நங்கூரம் விடுபட்டது. லெஃப்தேரிஸ் கிளம்புவதற்கு இன்ஜின் சாவியைத் தேடுகிறான். சாவி என் ரவிக்கைக்குள் இருக்கிறது. நீ முட்டி வலியோட படி இறங்காதே, நானே வர்றேன். காப்பிக்கடைக்குக் கேக்க வேண்டாம், என் காதுல சொன்னாப் போதும்.