டிரம்பெட்டுக்கு வந்த கூட்டம்

நீச்சலும் சைக்கிளும் ஒருமுறை கற்றுக்கொண்டால் ஆயுசுக்கும் மறக்காது என்பார்கள். அந்த வரிசையில் டிரம்பெட்டையும் நானாகவே சேர்த்துக்கொண்டேன். அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் என் வாயால் வந்த வினை. (ரெண்டு அர்த்தத்திலயும்தான்.)

பள்ளிக்கூடத்தில் படித்தபோது பேண்டு குழுவில் டிரம்பெட் வாசித்தவள் நான். சுதந்திர தினத்தன்று வெள்ளைச் சட்டையும் சிவப்புத் தொப்பியுமாக முன்வரிசையில் ஊதிக்கொண்டு போவேன். அப்புறம் கல்லூரி, கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கோவில்பட்டியில் கணக்கு டீச்சர் வேலை. அந்தக் காலம் முழுக்க நான் ஊதியதெல்லாம் பலூனும் பிறந்தநாள் மெழுகுவர்த்தியும்தான்.

போன பங்குனியில், கூடப் படித்த ஜெபா போன் செய்தாள்.

"ஏட்டி, பழைய மாணவிகள் கூட்டத்துக்கு நம்ம பேண்டைத் திரும்ப நிறுத்துதோம். நீதான் டிரம்பெட்."

"ஊதிட்டாப் போச்சு" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது.

மறுவாரமே அழைப்பிதழில் என் பெயரை அச்சடித்துவிட்டாள். எங்கேயோ இரவல் வாங்கிய ஒரு டிரம்பெட்டையும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். பெட்டியைத் திறந்து, மூச்சை இழுத்து, பழைய கம்பீரத்தோடு ஊதினேன். பஞ்சரான டயரில் காற்றுப் போவதுபோல 'புஸ்' என்றது. டிரம்பெட் சும்மா ஊதினால் பாடாது. உதடுகளை இறுக்கி, வண்டு போல அதிரவிட வேண்டும். என் உதடுகளோ நாற்பத்தாறு வயசில் அதிர மாட்டோம் என்று ஒரே பிடிவாதம். நான்கு நாள் மல்லுக்கட்டியதில் மேலுதடு குளவி கொட்டியதுபோல வீங்கியதுதான் மிச்சம். ஐந்தாம் நாள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் வந்தது. உடனே எதிர்வீட்டம்மா வாசலுக்கு ஓடி வந்தார்.

"டீச்சர், வீட்ல யாருக்கும் மேலுக்கு முடியலையா? ஆட்டோ கூப்பிடட்டுமா?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் கணவர் மெதுவாகச் சொன்னார். "நம்ம புஞ்சைக்குப் போயி ஊது. அங்கன கேக்கதுக்கு ஆளு கெடையாது." அக்கறையில்தான் சொன்னார் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

புஞ்சை கழுகுமலை ரோட்டோரம் இருக்கிறது. உளுந்து எடுத்த பிறகு வெறும் கரிசல், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை மோட்டார் ரூம் பக்கத்தில் இறக்கிவிட்டுவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு சாவு வீட்டில் துட்டி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கணவர் பைக்கில் போய்விட்டார். சுற்றிலும் ஒரு ஈ, காக்கை இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், ரொம்பத் தூரத்தில் ஒரு ஆட்டுக்கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான்.

சேலையை இழுத்துச் செருகினேன். கண்ணை மூடிக்கொண்டேன். (பெரிய வித்வான்கள் எல்லாம் அப்படித்தானே செய்யுதாக?) ஊதினேன்.

"பாஆஆஆம்!"

வந்துவிட்டது! ஒரே ஒரு சுரம்தான். ஆனால் முழுசாக, கனமாக, நடுங்காமல் வந்தது. பொத்தான்களை அமுக்கி மாற்றிப் பார்த்தேன், வேறெதுவும் வரவில்லை. பரவாயில்லை என்று அதையே மறுபடியும் ஊதினேன். திரும்பவும். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால், எதிரே புழுதி.

ஆடுகள் ரோட்டைத் தாண்டி என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தன. 'ஐந்தறிவு ஜீவனுக்கு இருக்கிற சங்கீத ஞானம் எதிர்வீட்டம்மாவுக்கு இல்லையே' என்று ஒரு நொடி, வெட்கமில்லாமல், நினைத்தேன். அடுத்த நொடி ரசிகர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒன்று முழங்காலில் முட்டியது. ஒன்று முந்தானையைக் கடித்தது. ஒரு கிடா டிரம்பெட்டின் வாய்க்குள் மூஞ்சியை நுழைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தது. நான் அலறிக்கொண்டு, மோட்டார் ரூமை ஒட்டியிருந்த காய்ந்த தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றேன்.

அவற்றை விரட்ட என் கையில் இருந்தது ஒரே ஆயுதம். ஊதினேன். வந்தவை இன்னும் நெருக்கி வந்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பின்தங்கி நின்றவையும் கிளம்பின. அவற்றுக்குப் பின்னால் ஒரு பெண், கையில் கம்போடு கத்திக்கொண்டு ஓடி வந்தார். எதிர்காற்றில் எனக்குக் கேட்டது "ஊது... ஊது..." என்பதுதான். ஆட்டுக்காரரே சொல்கிறாரே என்று உயிரைக் கொடுத்து ஊதினேன்.

அவர் சொன்னது "ஊதாதீய! ஊதாதீய!" என்பது, கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் ரோட்டில் பஸ் வந்துவிட்டது. ஆடுகள் பாதி ரோட்டில். கிறீச்சென்று பிரேக் சத்தம். ஒரே புழுதி. சிரிப்பும் சங்கீதமும் போன இடம் தெரியவில்லை. ஒரு ஆடு செத்திருந்தாலும், அந்த அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்? பஸ்ஸில் யாருக்காவது அடிபட்டிருந்தால்? தொட்டியிலிருந்து குதித்து, ஆடுகளை விலக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

புழுதி அடங்கியது. பஸ் ஆடுகளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தது. கீழே எதுவும் கிடக்கவில்லை. டிரைவர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. திட்டுகிறார் என்றால் நல்லபடியாக இருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

ஆட்டுக்கார அம்மாவின் பெயர் செல்லத்தாய். மூச்சு வாங்க ஆடுகளைச் சுற்றிச் சுற்றி வந்தவர், திடீரென்று நின்றார். "நொண்டியக் காணோமே! செனையாடுல்லா அது! ஐயோ, நொண்டியக் காணோமே!"

இருவரும் குனிந்து பஸ்ஸுக்கு அடியில் பார்த்தோம். ஓடைப் பக்கம் பார்த்தோம். செல்லத்தாய் அழ ஆரம்பித்துவிட்டார். அப்போது பஸ்ஸுக்குள்ளிருந்து கண்டக்டரின் குரல் வந்தது.

"யம்மா, இந்த ஆடு யாரோடது? முன்வாசல் வழியா ஏறி நிக்கி. டிக்கெட்டும் எடுக்கல."

மற்றவற்றோடு ஓட முடியாத நொண்டி, பயத்தில் படியேறிவிட்டிருக்கிறது. அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கியவரைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது, மீதிப் பாதி போனது. அவர் என் கணவரின் அக்கா, எங்கள் மதினி. கழுகுமலைக்குச் சாமி கும்பிடப் போகிறவர்.

மதினி என் கலைந்த தலையையும் கிழிந்த முந்தானையையும் பார்த்தார். கையிலிருந்த டிரம்பெட்டைப் பார்த்தார். "ஏட்டி, நீ இங்கன என்ன பண்ணுத?"

"பிராக்டீஸ், மதினி."

செல்லத்தாய் நொண்டியின் வயிற்றைத் தடவிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்புமாக அவர்தான் விஷயத்தைச் சொன்னார். "கம்மா வத்திப் போச்சும்மா. தெனம் இந்நேரத்துக்குத் தண்ணி லாரிக்காரன் வந்து ஆரன் அடிப்பான். இதுக தண்ணி குடிக்க ஓடும். ஒங்க ஊதல் அச்சு அசல் அந்த ஆரன்தான். இதுகளச் சொல்லிக் குத்தமில்ல. மொதல்ல நானே வண்டி வந்துட்டுன்னுதான் நெனச்சேன்."

பஸ் போய்விட்டது. மதினி போகவில்லை. (இந்தக் காட்சிய விட்டுட்டு எந்தச் சாமிய கும்பிட?) சற்று நேரத்தில் கணவர் வந்தார். விளக்கம் எதுவும் கேட்காமல் மோட்டாரைப் போட்டார். நல்லவேளை, கரண்ட் இருந்தது. கிணற்றிலும் தண்ணீர் இருந்தது. தொட்டி நிறைய நிறைய ஆடுகள் குடித்தன. நொண்டிக்கு நானே வாளியில் பிடித்துக் கொடுத்தேன். அது உறிஞ்சும் சத்தத்தைக் கேட்கக் கேட்கத்தான் எனக்கு நெஞ்சு படபடப்பு அடங்கியது.

அப்போது நிஜமான தண்ணி லாரி வந்து ஆரன் அடித்தது. "பாஆஆஆம்!" ஒரு ஆடுகூடத் தலையைத் தூக்கவில்லை. டிரைவர் இறங்கி வந்து சண்டைக்கு நின்றார். "யாரு இங்கன எனக்கு முன்னால வண்டி கொண்டாந்தது?"

மூன்று பேரும் என்னைக் கை காட்டினார்கள்.

அதோடு டிரம்பெட்டைத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் அழைப்பிதழில் பெயர் இருக்கிறதே! ஜன்னலைச் சாத்தி, துணியைத் திணித்து, தினமும் ஊதினேன். உதடு மெல்ல வழிக்கு வந்தது. ஒரு சுரம் மூன்றாகி, மூன்று ஐந்தாகி, ஒருநாள் பள்ளிக்கூட அணிவகுப்புப் பாட்டு முழுசாக வந்தது. கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு, செல்லத்தாய்க்குச் சொல்லிவிட்டு, அதே புஞ்சையில் நின்று அதை ஊதினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆடுகள் மேய்ந்துகொண்டே இருந்தன. ஒன்றும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் கண்டுகொள்ளாததற்காக வாழ்க்கையில் நான் அப்படிச் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

பழைய மாணவிகள் கூட்டத்தில் தப்பில்லாமல் வாசித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும், முன்வரிசையில் இருந்த மதினி பக்கத்திலிருந்தவரிடம் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நல்லாத்தான் ஊதுதா. ஆனா இதுக்கெல்லாம் ஆடு வராது."

அது எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. நான் புதுசாக ஒரு குழம்பு வைத்தாலும் சரி, புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாலும் சரி, என் கணவரும் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். யாராவது ஒருவர் கேட்பார்:

"நல்லாருக்கு. ஆடு வருமா?"