பொன்ராஜின் டீ டம்ளரும் ஆஸ்பத்திரித் திரையும்

மலையில், கட்டபெட்டு ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரி. டாக்டர் நீண்ட லீவில் இருந்தபடியால், பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலை உண்டா இல்லையா என்பதைக் கம்ப்யூட்டர் திரையே முடிவு செய்து வந்தது. குழந்தையைப் படம் பிடிப்பார்கள். திரையில் மஞ்சளாகத் தெரிந்தால் கோயமுத்தூருக்கு ஆம்புலன்ஸ். ஆகவே திரையின் நிறம் பிசகக் கூடாது, வாராவாரம் செவ்வாய்க்கிழமை சரிபார்த்துச் சான்றிதழ் ஒட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

உத்தரவு வந்து மூன்று வருஷமாயிற்று. நிறம் அளக்கும் கருவிதான் இன்னும் மலையேறவில்லை.

அதற்காகக் கடமை நின்றுவிடுமா? கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பொன்ராஜ், முன்பு தேயிலை ஃபேக்டரியில் டீயின் நிறம் பார்த்துத் தரம் சொன்னவர். ஒரு டம்ளர் டீயைப் படம் பிடித்துத் திரையில் போடுவார். கையிலிருக்கும் டீயும் திரையிலிருக்கும் டீயும் ஒரே நிறமாகும்வரை பொத்தானை அழுத்துவார். அதற்குள் கையிலிருப்பது ஆறிக் கறுத்துவிடும். மறுபடி அழுத்துவார், திரை இன்னும் பழுப்பேறும்.

கலைமதிக்குப் பையன் பிறந்து நாலே நாள். அவன் தும்மினாலே அவள் சால்வையை இழுத்துப் போர்த்துவாள். திரையில் அவன் சாம்பார் நிறத்தில் கிடந்தான்.

"கோயமுத்தூருக்கு எழுதியாச்சுங்க. குழந்தை மட்டும்தான் போகும். தாய்க்கு வேற ஃபாரம், அந்தக் கட்டு தீந்துபோச்சு," என்றார் பொன்ராஜ்.

"ஐயோ, பால் குடிக்கிற புள்ளைங்க! நல்லாத்தானுங்க இருக்கான். ஜன்னல்கிட்ட வந்து ஒருக்கா பாருங்க!"

"குழந்தையைப் பாக்க எனக்கு அதிகாரமில்லீங்கம்மா. திரைக்குச் சான்றிதழ் இருக்கு. ஜன்னல் வெளிச்சத்துக்கு இருக்குதுங்களா?"

அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதாள். அவனோடு சேர்த்து அந்த வாரம் பதினோரு மஞ்சள் குழந்தைகள். எண்ணிக்கை கண்டு கலங்கிய வண்ணத் துல்லிய மேற்பார்வை அலுவலர் கமலேஷ் ஜீப்பில் வந்து இறங்கினார். வருகைப் பதிவுக்கு அவரையும் படம் பிடித்தார்கள். திரையில் அவரும் சாம்பார்.

"ஆம்புலன்ஸ்ல இன்னும் ஒரு இடம் இருக்குதுங்க சார்," என்றார் பொன்ராஜ் பணிவாக.

"யோவ், இதுவா என் நிறம்?" அலுவலர் பர்ஸிலிருந்து தன் கல்யாணத்துக்கு எடுத்த ஸ்டுடியோ போட்டோவை உருவினார். "இதுதான்யா அசல். இதுக்குச் சரி பண்ணு!"

அலுவலர் ரோஜாப்பூவாக மலரும்வரை பொன்ராஜ் அழுத்தினார். புதுச் சான்றிதழ் ஒட்டப்பட்டது. பதினோரு குழந்தைகளும் அந்த நொடியே குணமடைந்ததாகப் பதிவாயிற்று. ஆம்புலன்ஸ் காலியாக இறங்கிப் போனது.

கலைமதியின் அழுகை சட்டென்று நின்றது. திரையில் இப்போது ரோஜா நிறத்தில் கிடந்த தன் பிள்ளையையே பார்த்தாள்.

"அண்ணா, திரையில தெரியறதை அப்படியே என் போன்ல படம் பிடிச்சுக் குடுங்க."

வாசலில் மூடுபனி விலகி வெயில் விழுந்திருந்தது. அவள் புருஷன் விஜயன் பிள்ளையைக் கையில் வாங்கினான். போனைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான்.

"ஏம்புள்ள, போட்டோவுல செவசெவன்னு இருக்கான். நேர்ல என்னையாட்டமே மாநிறமால்ல இருக்கான்?"

கலைமதி சால்வையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள்.

"வெயிலு அப்படித்தானுங்க காட்டும். அதுக்கென்ன சான்றிதழா இருக்கு?"