ஹில்டா அம்மாவுக்கு அரைப் பேர் போட்ட விவகாரம்

கஹவத்தை,
2003 ஆவணி, வியாழக்கிழமை.

அன்பும் அறிவும் நிறைந்த மருமகன் கஜேந்திரனுக்கு, உன் தாய்மாமன் ஐயாவு தலையைக் குனிந்துகொண்டு எழுதும் மடல். இங்கே உன் அத்தை சுகம், பசு சுகம், என் சர்க்கரையும் பிரஷரும் வழக்கமான இடத்தில் இருக்கின்றன. மனசு மட்டும்தான் சுகமில்லை. உன் சுகத்துக்கும், நீ கைப்பிடிக்கப்போகும் விஜயகலாவின் சுகத்துக்கும் தோட்டத்து மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உன் கல்யாணப் பத்திரிகை மஷூர் கடைக்குத் தபாலில் வந்து, அங்கிருந்து என் கைக்கு வந்தது. தாய்மாமனுக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் வைக்கவேண்டிய பத்திரிகை தபாலில் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமலில்லை. உன்மேல் கோபமும் இல்லை. நான் செய்துவைத்த காரியத்துக்கு நீ முத்திரை ஒட்டி அனுப்பியதே பெரிய விஷயம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை புளத்கொகுபிட்டியவில் நடக்கும் உன் கல்யாணத்துக்கு நான் வரப்போவதில்லை. மாப்பிள்ளை மணவறை ஏறுமுன் மாலை போடவேண்டியவன் நான்தான். அதை வேறு யாராவது போடட்டும். நோர்வே ஹில்டா அம்மாவும் கல்யாணத்துக்கு வருகிறாராம், முன் வரிசையில் உட்காரப்போகிறாராம் என்று உன் அம்மா சொன்னாள். அவர் கண்ணுக்கு முன்னால் மாலையோடு நான் எப்படி நிற்பது? ஆனால் ஆய்வரங்கு அன்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவையாவது சொல்லிவிடவேண்டும். இரண்டு மாதமாக நீ வீட்டுப் பக்கம் வராததால், இந்தக் கடிதத்தில்தான் சொல்ல முடிகிறது.

தோட்ட மக்களின் வாழ்க்கையைப் பற்றி இரத்தினபுரியில் ஆய்வரங்கு நடத்தப்போகிறோம், நாற்பது பேர்தான் வருவார்கள், அதில் மூன்று பேர் வெளிநாட்டுக்காரர்கள், பதிவையும் பணத்தையும் நீங்கதான் பார்க்கணும் மாமா என்று நீ வந்து கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. பல்கலைக்கழகத்தில் ஒரு கணக்குத் திறக்க ஆறு மாதம் ஆகும், மாமாவிடம் கொடுத்தால் ஒரு சதம் பிசகாது என்று உன் நண்பர்களிடமும் சொன்னாயாம். தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருசம் கணக்கப்பிள்ளையாக இருந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றைக்கே கஹவத்தை வங்கிக்குப் போய் ஆய்வரங்கின் பேரில் கணக்கைத் திறந்துவிட்டு, வரும் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நோர்வேயிலிருந்து எனக்குப் பணம் வரப்போகிறது என்று சொல்லிவிட்டேன். அதனால் இரண்டு பேர் கடன் கேட்டு வீட்டுக்கு வந்தது வேறு கதை.

உள்ளூர்க்காரர்கள் ஆளுக்கு இருநூறு ரூபாயைக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு வில்லங்கமும் இல்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஐம்பது டொலர். நோர்வேயிலிருந்து ஹில்டா அம்மா ஐம்பது அனுப்பியதாக எழுதியிருந்தார், வங்கிக்குப் போய்ப் பார்த்தால் முப்பத்திரண்டுதான் வந்திருக்கிறது. ஜப்பான்காரர் அனுப்பிய ஐம்பது முப்பத்தைந்தாக இளைத்து வந்திருந்தது. வங்கியில் இருக்கிற லாபிர் தம்பி நல்ல பிள்ளை, என்னை உட்காரவைத்து விளக்கினார். "ஐயா, வழியில ரெண்டு மூணு பேங்க் கை மாறித்தான் வருது, ஆளுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கிறாங்க. அவங்க அங்க முழுசாத்தான் கட்டியிருப்பாங்க" என்றார். அவர் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியதுதான் வினை. மலையில் கொழுந்து பறிக்கும்போது கூடையில் பதினெட்டுக் கிலோ இருக்கும். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்து தராசில் போட்டால் தண்ணீருக்கு, சாக்குக்கு என்று கழித்து பதினாறுதான் நிற்கும். கணக்கில் எழுதுவது எதை? மடுவத்தில் நின்றதைத்தான் எழுதவேண்டும். நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்தால் ஒரு நாள் வேலைக்கு முழுப் பேர் கிடையாது, அரைப் பேர்தான், அரைச் சம்பளம்தான். நீ இதைப் பற்றிப் படித்துத்தானே பட்டம் வாங்கினாய், உனக்கு நான் சொல்லவேண்டுமா?

மூன்றாவது ஆள் மலேசியாவிலிருந்து வந்த டாக்டர். அவர் வங்கியில் அனுப்பமாட்டாராம், கார்டுதான் தேய்ப்பாராம். கார்டு தேய்க்கிற மெசின் இரத்தினபுரியில் மாணிக்கக் கடைக்காரர்களிடம்தான் இருக்கிறது. தெரிந்த முதலாளி ஒருவரைப் பிடித்து, ஆய்வரங்குக்கு முந்தின நாள் டாக்டரை அங்கே கூட்டிக்கொண்டுபோனேன். அவரும் தேய்த்தார். முதலாளி தன் கழிவை எடுத்துக்கொண்டு மீதியை என் கையில் கொடுத்தார், அதுவும் குறைவு. பில் கேட்டார் டாக்டர். மாணிக்கக் கடையில் வேறென்ன பில் இருக்கும்? 'நீலக்கல் ஒன்று' என்று எழுதிக் கொடுத்தார்கள். நானும் பார்த்தேன், தொகை சரியாக இருந்தது, பேசாமல் இருந்துவிட்டேன். ஆய்வரங்குக் காசில் நீலக்கல் வாங்கிய காரணத்தை விளக்கும்படி அவருடைய பல்கலைக்கழகம் கேட்டிருக்கிறதாம், எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் எழுதவில்லை. என்னத்தை எழுதுவது?

சரி, ஆய்வரங்கு நாளுக்கு வருகிறேன். காலையிலேயே காக்கிக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு மண்டபத்து முற்றத்தில் மேசையைப் போட்டேன். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் நின்றதுதான் தாமதம், கலைச்செல்வி டீச்சர் உட்பட வந்தவர்களில் பாதிப்பேர், விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பதுபோல், தானாகவே வரிசையில் நின்றுவிட்டார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு அல்லவா, படித்தாலும் மறக்குமா? நான் அவர்களைப் பேர் கூப்பிட்டுப் பதிந்தேன். அத்தனை பேருக்கும் முழுப் பேர், சட்டையில் குத்திக்கொள்ள அட்டை, ஒரு பை, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு டிக்கட். எல்லாம் முடிந்த பிறகுதான் வெளிநாட்டுக்காரர்களின் வேன் வந்து சேர்ந்தது. காசும் குறைவு, வந்ததும் பிந்தி. கஜேந்திரா, மாரியம்மன் சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை, கை தன்பாட்டில் எழுதிவிட்டது. மூன்று அட்டையிலும் பேருக்குக் கீழே 'அரைப் பேர்' என்று எழுதி, சாப்பாட்டு டிக்கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தேத்தண்ணி டிக்கட்டை மட்டும் கொடுத்தேன். ஹில்டா அம்மா சிரித்துக்கொண்டே 'நன்றி ஐயா' என்று தமிழில் சொல்லி அட்டையைக் குத்திக்கொண்டு உள்ளே போனார்.

அவர் என்ன பேச வந்திருக்கிறார் என்று யாராவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோட்டத்தில் அரைப் பேர் போடுகிற அநியாயத்தைப் பற்றித்தான் பேசவே வந்திருக்கிறார். அதற்காக எட்டு வருசம் ஆராய்ச்சி செய்து, தமிழ் எழுத்தையும் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். நடுவில் தண்ணீர் குடிக்கக் குனிந்தவர் தன் அட்டையைப் பார்த்தார். எழுத்துக்கூட்டி ஒரு தடவை வாசித்தார், பிறகு ஒலிவாங்கியிலேயே இன்னொரு தடவை வாசித்தார். மண்டபம் சிரித்த சிரிப்பு வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. நீ தலைமை நாற்காலியில் இருந்தாய். உன் முகத்தை நான் பார்த்தேன், நீ பிறந்ததிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. பிறகு நீ எழுந்து, இது நாங்கள் வேண்டுமென்றே ஏற்பாடு செய்த செயல்முறை விளக்கம் என்று சொன்னாய். எல்லாரும் கை தட்டினார்கள். பெரியவர் ஒருவர் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார். எனக்காக என் மருமகன் பொய் சொல்லவேண்டி வந்ததே என்று அப்போதே நான் செத்துப்போனேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சாப்பாட்டு நேரத்தில் நீ பெரியவர்களோடு உள்ளே போய்விட்டாய். சாப்பாடு கொண்டுவந்த சிங்கள முதலாளி வாசலில் நின்று டிக்கட் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த மூன்று பேரிடமும் டிக்கட் இல்லை. "டிக்கட் நெதுவ பத் தென்ன பே" என்று சொல்லிக் கதவை மறித்துக்கொண்டார். டிக்கட் இல்லாமல் யாருக்கும் சோறு கொடுக்கவேண்டாம் என்று காலையில் அவரிடம் சொல்லிவைத்தவனும் நான்தான். ஹில்டா அம்மா இதுவும் விளக்கத்தில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார். வெளி விறாந்தையில் மரியாதையாக நின்றுகொண்டிருக்கிறார், ஜப்பான்காரர் அதைப் படம் பிடிக்கிறார், மலேசிய டாக்டருக்கு மட்டும் கோபம். ஓடிப்போய் டிக்கட்டைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நீ மேடையில் சொன்னது பொய்யென்று தெரிந்துவிடுமோ என்று பயந்து, டிக்கட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

அப்போதுதான் உன் அம்மா வந்தாள். அழகம்மா அக்காவையும் நீ பேச அழைத்திருந்தாய் அல்லவா, கொழுந்து பறித்த கையைப் பற்றிப் பேச. அவள் தன் தட்டோடு வெளியே வந்து, ஹில்டா அம்மாவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, சோற்றைப் பாதியாகப் பிரித்து அந்தப் பக்கம் தள்ளினாள். தள்ளிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்டா தம்பி, சோத்துக்குமா அரைப் பேரு?"

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. நான் மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை. சாயந்தரம் வேனில் ஏறும்போது நீ என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாய்.

"மாமா, ஒங்கள யாரு பெரட்டுக் களம் வைக்கச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. காலையில் ஆட்கள் கூடினால் எனக்கு வேறு மாதிரி நிற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு மனுசனைப் பார்த்தால் முழுசா அரையா என்று கேட்கத்தான் இந்தக் கைக்குத் தெரியும் போலிருக்கிறது. பென்சன் வாங்கினால் கையும் பென்சன் வாங்கிவிடும் என்று நினைத்தேன், வாங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, கஜேந்திரா. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல்தான் கடிதத்தில் சொல்கிறேன்.

ஆய்வரங்குக் கணக்கை மூடிவிட்டேன். இனி இந்த ஜென்மத்தில் யாருடைய காசையும் பேரையும் நான் தொடமாட்டேன். நீயும் விஜயகலாவும் பதினாறும் பெற்று, ஒன்றுகூடக் குறையாமல், நிறைவாக வாழவேண்டும். ஹில்டா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லாதே, சொன்னால் என் ஞாபகம் வந்துவிடும். சம்பந்தி வீட்டார் அனைவருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
தூரத்திலிருந்தே ஆசீர்வதிக்கும்
உன் மாமன்,
ஐயாவு

பி.கு.: இன்று சனிக்கிழமை, பொழுது சாய்ந்துவிட்டது. மேலே எழுதியதை வியாழனன்றே தபாலில் போட்டிருக்கவேண்டும், மனசு வராமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போதுதான் மஷூர் கடையிலிருந்து போன் வந்திருக்கிறதென்று கூப்பிட்டார்கள். நீதான் பேசினாய். "மேடையில பொய் சொன்னது நான் மாமா, அந்த வெக்கத்துலதான் நேர்ல வரல. ஹில்டா மெடத்துக்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்களும் ஒங்களத்தான் கேக்குறாங்க. மாலைக்குச் சொல்லிட்டீங்களா? நீங்க போடாம நான் மணவறை ஏறமாட்டேன்" என்றாய். சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். ஆகவே மேலே உள்ளது எல்லாவற்றையும் வெட்டிவிட்டதாக நினைத்துக்கொள். முத்திரைக் காசு வீணாகவேண்டாம், கடிதத்தைக் கையிலேயே கொண்டுவருகிறேன். மூன்று பேருடைய சாப்பாட்டுக் காசையும் ஒரு உறையில் போட்டிருக்கிறேன். பஸ் செலவைக் கழிக்கலாமா என்று ஒரு நிமிசம் யோசித்தேன், கழிக்கவில்லை. விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, இரத்தினபுரியில் மாலை வாங்கி, அவிசாவளையில் ஒன்று மாறி, ருவன்வெல்லையில் இன்னொன்று மாறி வரவேண்டும். ஒன்று தவறினாலும் முகூர்த்தத்துக்குப் பிந்திவிடுவேன். பிந்தினால் கோபித்துக்கொள்ளாதே மருமகனே, உன் மாமனுக்கு அரைப் பேராவது போட்டு வை.