பீரோவடி முற்றுகை

வாழி, அளவு நாடா ஏந்திய கை! வாழி, பிடுங்கி எறிந்த எல்லைக்கல் எந்தப் புதருக்குள் கிடந்தாலும் கண்டெடுக்கும் கண்! அண்ணனும் தம்பியும் அரை அடி வரப்புக்காக மண்வெட்டி ஓங்கும் வேளையில் நடுவே நின்று, இரு தரப்பு வசவையும் தன் ஒரு தலையில் தாங்கும் பொறுமைக் கடல், செஞ்சி வட்டத்து நில அளவர் பீமாராவ் வாழி! மண்ணென்று ஒரு பிடியும் இல்லாத வீட்டில் பிறந்து, படித்து, ஊரார் நிலத்தையெல்லாம் சென்டிமீட்டர் பிசகாமல் அளந்து கொடுத்துவிட்டு, தான் மட்டும் பஜாருக்குப் பின்னால் வாடகை வீட்டில் குடியிருக்கும் அவ்வேந்தல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி முதல் பிற்பகல் இரண்டே முக்கால் வரை, மார்பு தரையில் பட, தன் வீட்டு இரும்பு பீரோவின் அடியை முற்றுகையிட்ட வரலாற்றைச் சொல்லப் புகுகிறோம்.

செஞ்சிக் கோட்டை மலைகளே, கேளுங்கள்: ராஜகிரியே, காது கொடு. கிருஷ்ணகிரியே, சற்றுக் குனி. சந்திரகிரியே, உன் பாறைகளில் தாவும் குரங்குகளைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல். ஏழாண்டுக்கு மேல் முற்றுகை தாங்கியவர்கள் நீங்கள் என்பதை அறிவோம். ஆனால் உங்களைச் சூழ்ந்த சேனைகள் உள்ளே இருந்தவர்களைப் பட்டினி போடுவதற்காகச் சூழ்ந்தன. இந்த முற்றுகையோ உள்ளே இருந்தவனைச் சாப்பிட வைப்பதற்காக நடந்தது. எது கடினம் என்று நீங்களே சொல்லுங்கள்.

உள்ளே இருந்தவன் நெடுஞ்செவியன். இலவம்பஞ்சு வெட்கும் மேனியன். மாதுளை முத்தன்ன கண்ணினன். முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் வரம் பெற்றவன். இது புகழ்ச்சிக்குச் சொன்னதல்ல, நிசம். முயலின் பல் நம் நகத்தைப் போல வளரும். புல்லை ஓயாமல் மென்று தேய்த்தால்தான் அது அளவில் நிற்கும். யாரோ ஆசைக்கு வாங்கி, அலுத்துப்போய், கோட்டை அடிவாரத்தில் விட்டுச்சென்ற வீட்டு முயல் அவன். முந்தைய திங்கட்கிழமை மூன்று தெருநாய்கள் பிறை வடிவில் அவனைச் சூழ்ந்து நின்றபோது, அளவை முடித்துத் திரும்பிய பீமாராவ் தம் மஞ்சள் பையை வலையாக வீசி, நாய்களைப் புறங்கண்டு, அவனைச் சைக்கிள் ஹாண்டிலில் மாட்டி நகர்வலமாக வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

அந்நாட்டின் உண்மை அரசியான வெண்மதி, பீமாராவின் மனைவி, அரசு மருத்துவமனைச் செவிலியர், கிருமிகளின் கூற்றுவள், பைக்குள் எட்டிப் பார்த்து ஒரு பிரகடனம் செய்தாள்.

"இருக்கட்டும். ஆனா ஒரு நாள் ஊட்ல நாத்தம் வந்துது, ஒண்ணு நான், இல்ல அது."

பிறகு ஐந்து நாள் பொற்காலம். நெடுஞ்செவியன் அருகம்புல்லும், மல்லாட்டை என்னும் வேர்க்கடலையின் காய்ந்த கொடியும் உண்டான்; சாக்கின் மேல் உறங்கினான். விழித்திருந்த நேரமெல்லாம் ஒரு விசித்திரக் காரியம் செய்தான். மேசைக்கால், கதவு நிலை, தண்ணீர்க் குடம், சிலிண்டர் என ஒவ்வொன்றிடமும் குதித்துப் போய், மோவாயை அதன்மேல் வைத்து ஒரு தேய்ப்பு. மறுநாளும் அதே சுற்று, அதே வரிசை. காலையில் பீமாராவ் முள்காட்டில் நடப்பதற்காக வாசற்படிக்கு வெளியே அமர்ந்து கேன்வாஸ் ஷூ மாட்டும்போது, அதன் மூக்கிலும் ஒரு தேய்ப்பு. 'அரிக்குது போல' என்று எண்ணிய பீமாராவ், ஆயிரம் எல்லைக்கல் கண்ட அந்த அறிஞர், அதற்கு மேல் ஒன்றும் எண்ணவில்லை. விதி அங்கேதான் பல்லைக் காட்டியது.

சனிக்கிழமை. வெண்மதிக்குத் தடுப்பூசி முகாம், பீமாராவுக்கு விடுமுறை. முயல் வளரும் வீட்டில் நாற்றத்தின் நிழல்கூட விழவில்லை என்று அரசி திரும்பி வரும்போது நிரூபிக்க வேண்டும் என்ற பேராவலால் உந்தப்பட்டு, வீரர் வாளியை எடுத்தார். ஒரு மூடி பினாயில் போதும் என்று பாட்டிலில் எழுதியிருந்தது. அவர் நான்கு மூடி ஊற்றினார். வாசல் தொடங்கிக் கொல்லை வரை துடைத்தார். மேசைக்கால் துடைத்தார். கதவு நிலை துடைத்தார். குடம் கழுவினார், சிலிண்டரைக் குளிப்பாட்டினார், சாக்கைச் சோப்புத் தூளில் முக்கினார். வெண்ணுரை பொங்க, பினாயில் மணம் தெருமுனை வரை கொடி பறக்க, வீடு ஆஸ்பத்திரியாயிற்று.

நெடுஞ்செவியன் ஒருமுறை மூக்கைச் சுருக்கினான். மேசைக்காலிடம் போனான், முகர்ந்தான், பின்வாங்கினான். கதவு நிலையிடம் போனான், முகர்ந்தான், பின்வாங்கினான். பிறகு பின்னங்காலால் தரையை ஓங்கி அறைந்தான். முயல் இனத்தின் போர்முரசு அது. ஆபத்து, எல்லோரும் வளைக்குள் போங்கள் என்று பொருள். எல்லோரும் என்று அங்கே அவன் ஒருவன்தான் இருந்தான். ஆகவே அவனே பீரோவுக்கு அடியில் போய்விட்டான். அன்று முழுவதும் வெளியே வரவில்லை. வைத்த புல் வைத்தபடி வாடியது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெண்மதி மருத்துவமனைக்குக் கிளம்பியதும், போர் மூண்டது. பீமாராவ் முதலில் தம் தொழிலுக்கேற்ப அகழியை அளந்தார். பீரோவுக்கும் தரைக்கும் இடையே பதினொரு சென்டிமீட்டர். நுழைவாயிலிலிருந்து பகைவன் மூக்கு வரை நாற்பத்தேழு. அளந்ததால் பயன் ஒன்றும் இல்லை. ஆனால் அளக்காமல் எதையும் தொடங்கி அவருக்குப் பழக்கமில்லை. முதல் தாக்குதல் கேரட்டால். முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் முதுகுக்குப் பின்னால் வரும் பருந்தைக்கூட அது பார்த்துவிடும். ஆனால் தன் மூக்குக்கு நேர் முன்னே நீட்டியதை மட்டும் பார்க்காது. எனவே பீமாராவ் நாற்பத்தேழு சென்டிமீட்டர் கடந்து செலுத்திய கேரட்டு நெடுஞ்செவியனுக்கு வானிலிருந்து வந்து மீசையில் இடித்த வஜ்ஜிராயுதமாகவே தோன்றியது. முரசு முழங்கியது. இரண்டாம் தாக்குதல் கொத்தமல்லிக் கட்டால், முரசு முழங்கியது. மூன்றாவது, ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டிய முருங்கைக் கீரையால். முரசு முழங்கியதோடு, கீரையும் கம்பிலிருந்து கழன்று பகைவர் நாட்டிலேயே தங்கிவிட்டது, தின்னப்படாமல்.

இவ்வாறு குப்புறக் கிடந்த கோலத்தில் அவரைக் கண்டவள் பக்கத்து வீட்டு ராஜாம்பாள், மோர் கேட்டு வந்தவள்.

"இன்னா சர்வேயரே, பீரோ அடிய அளக்கிறியா? பட்டா யார் பேருல போடப் போற?"

"மொயல் வெளிய வரமாட்டேங்குது அக்கா. நேத்துல இருந்து பட்டினி."

"எங்க ஊட்டுக்காரர்கிட்ட வுட்டுப் பாரு. கறிக்கு மொளவு வறுக்கிற வாசனைக்கே தானா வந்துடும்."

"அக்கா!"

"சரி சரி, கோச்சிக்காத. மோர் இருக்குதா?"

மோரோடு அவள் அகன்றாள். பத்து மணிக்கு, வீரர் படுத்தவாறே கால்நடை மருத்துவர் ஜெபினுக்குத் தூது விடுத்தார், கைப்பேசியில். மாதாகோயிலில் பூசை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த ஜெபின், திங்கள் முதலான முயல் கதையைக் கேட்டுவிட்டுத் தொடுத்த முதல் கேள்வி:

"கடைசியா எப்ப சாப்டுச்சு சார்?"

"நேத்து காலைல."

"புழுக்க?"

"டார்ச் அடிச்சுத் தேடிட்டேன் டாக்டர். ஒண்ணுகூட இல்ல."

"சார், மொயலுக்குக் கொடல் நிக்கவே கூடாது. மாவு மில்லு மாதிரி ஓடிக்கினே இருக்கணும். நின்னா உள்ள கேஸ் கட்டிக்கும், வலி எடுக்கும், அப்புறம் பொழைக்கிறது கஷ்டம். மூணு மணிக்குள்ள அது தின்னு நாலு புழுக்க போடணும். இல்லனா எடுத்துனு வாங்க, ஊசி போட்டுப் பாக்கலாம். ஆனா புடிச்சி இழுத்துடாதீங்க. பயந்து ஒதச்சா அது முதுகெலும்ப அதுவே ஒடச்சிக்கும்."

"இழுக்கவும் கூடாது, வரவும் மாட்டேங்குது. நான் இன்னா பண்றது?"

"நேத்து ஊட்ல எதனா மாத்துனீங்களா?"

"ஒண்ணும் இல்லியே. சுத்தமா தொடச்சேன். பினாயில் போட்டு."

"எத்தினி மூடி?"

"நாலு."

"அது மோவாயத் தேய்க்குமே, பாத்துருக்கீங்களா?"

"அரிப்புன்னு நெனச்சேன்."

"அரிப்பு இல்ல சார். மோவாய்க்கு அடியில வாசனச் சுரப்பி இருக்குது. நம்ம மூக்குக்குத் தெரியாது, அது மூக்குக்குத் தெரியும். தேச்சதெல்லாம் என்னுதுன்னு அர்த்தம். அஞ்சு நாளா அளந்து கல்லு நட்டுருக்குது. நீங்க ஒரே நாள்ல ஊர்க் கல்லு பூரா புடுங்கிட்டீங்க."

அந்தோ! யானை மிதித்திருந்தால் தாங்கியிருப்பார். இச்சொல் அவர் மார்பில் மிதித்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கல் பிடுங்கியவர்களை நோக்கி 'உனுக்கு மனசாட்சி இருக்குதா?' என்று கேட்ட வாய் அது. வாடகைக்கு இருக்கும் தனக்கே ஒரு செங்கல் சொந்தமில்லாத வீட்டை, இந்த அநாதை தன்னுடையது என்று நம்பி ஐந்து நாள் சுற்றிச் சுற்றிப் பதிவு செய்திருக்கிறான். அந்தப் பட்டாவைத் தானே வாளி எடுத்து ரத்து செய்துவிட்டதை உணர்ந்தபோது, குப்புறக் கிடந்த வீரரின் கண்ணாடியில் நீராவி படர்ந்தது.

ஆயினும் அவர் நில அளவர் அன்றோ! கல் எல்லாம் பிடுங்கப்பட்ட நிலத்தில் என்ன செய்வார்கள் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்? அழமாட்டார்கள். பிடுங்கப்படாத கல் ஒன்று எங்கேனும் மிஞ்சியிருக்கிறதா என்று தேடுவார்கள். வரைபடத்தில் உள்ளபடியே ஒரே ஒரு கல் நின்றால் போதும். அதைப் பற்றிக்கொண்டு அடுத்த கல்லின் இடத்தை அளந்துவிடலாம், அங்கிருந்து அதற்கடுத்ததை, இப்படியே காணாமல் போன நிலம் முழுவதையும் மீட்டுவிடலாம்.

எழுந்தார். முழங்கால்கள் படபடவென நெட்டி முறிந்த ஓசை தெருவுக்குக் கேட்டது. மேசைக்கால்? துடைத்தாயிற்று. நிலை? துடைத்தாயிற்று. சாக்கு? கொடியில் சோப்பு மணத்தோடு ஆடியது. குடம், சிலிண்டர், ஸ்டூல் என்று தாம் செய்த பாவங்களின் பட்டியலை அறை அறையாகச் சரிபார்த்தார். மணி பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை. சோர்ந்து வாசற்படியில் அமர்ந்தவரின் கை, பழக்கதோஷத்தால், படிக்கு வெளியே கிடந்த கேன்வாஸ் ஷூவின் மேல் விழுந்தது.

வெளியே கிடந்த ஷூ! வெள்ளிக்கிழமைப் புழுதி அப்படியே இருந்த, ஒரு துளி பினாயிலும் படாத, நான்கு காலையும் தேய்க்கப்பட்ட ஷூ! களத்தில் எஞ்சி நின்ற ஒரே கல்!

அதைத் தேவர்கள் அமுதகலசம் ஏந்தியது போல் இரு கையாலும் ஏந்தி வந்தார். உள்ளே ஒரு பிடி பச்சை அருகம்புல் வைத்தார். பீரோவுக்கு முன் இறக்கினார். கம்பை எறிந்தார், கேரட்டை எறிந்தார், ஆயுதம் அனைத்தும் துறந்தார். இரண்டடி தள்ளி, வெறுங்காலை நீட்டி, மூச்சையும் தவணையில் விட்டு உட்கார்ந்தார்.

கடமை முடித்து வந்த வெண்மதி வாசலிலேயே நின்றாள்.

"இன்னாங்க இது? ஷூவுக்குப் புல்லு ஊட்டினு இருக்கீங்க?"

"ஷ்ஷ். கல்லு நட்டுருக்கேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே படியில் அமர்ந்தாள். சுவர்க் கடிகாரம் இரண்டரையைக் கடந்தது. பீரோவின் இருளில் ஒரு வெண்மை அசைந்தது. மீசை தோன்றியது. மூக்கு தோன்றியது, நொடிக்கு இரண்டு துடிப்பாய். ஷூவின் முனையை முகர்ந்தது. மீண்டும் முகர்ந்தது. தன் கையெழுத்தைத் தானே படித்தவன் போல் நெடுஞ்செவியன் ஒரு கணம் நின்றான். பின் மோவாயை அதன் மேல் வைத்து ஒரு தேய்ப்பு, தலையை ஷூவுக்குள் விட்டான். உள்ளிருந்து எழுந்தது அந்த ஓசை: கறக், கறக், கறக். மில் ஓடத் தொடங்கிவிட்டது! இரண்டே முக்காலுக்கு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனக் கரிய முத்துகள் நான்கு பளபளத்த தரையில் உருண்டன. கிருமிகளின் கூற்றுவள் அவற்றைக் கண்டு கைதட்டினாள்.

அத்தோடு நிற்கவில்லை அவன் வெற்றி. ஷூவை மூலக்கல்லாகக் கொண்டு மேசைக்காலுக்குச் சென்றான், தேய்த்தான். கதவு நிலைக்குச் சென்றான், தேய்த்தான். குடம், சிலிண்டர், அதே சுற்று, அதே வரிசை. இழந்த பேரரசைக் கல் கல்லாக மீட்டு, இறுதியில், இதுவரை எந்தச் சுற்றிலும் இல்லாத ஒரு புதிய இடத்துக்கு வந்து நின்றான்: நீட்டிக் கிடந்த பீமாராவின் வலது கால் கட்டைவிரல். முகர்ந்தான். யோசித்தான். ஒரு சென்டிமீட்டர் நிலமும் தன் பேரில் இல்லாத அம்மாமனிதர் மூச்சை அடக்க, மூன்று மலைகளும் எட்டிப் பார்க்க, வெதுவெதுப்பான மோவாய் அவ்விரலின் மேல் அமர்ந்து, மெல்ல, அழுத்தமாக, ஐயத்துக்கிடமின்றித் தேய்த்தது.

"கை கால கழுவினு வாங்க, சோறு போடறேன்" என்றாள் வெண்மதி.

பீமாராவ் கையை மட்டும் கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.