கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பள்ளம்

"மறுபடியும் போச்சா?"

"போச்சும்மா."

"ரெண்டுமேவா?"

"இடது மட்டும். நீ சொன்ன மாதிரிதான் விட்டேன். இடதைக் கோயில் ராஜகோபுரத்துகிட்ட, வலதைப் பின்பக்கம் பேய்க்கோபுரத்துகிட்ட. ஒத்தச் செருப்ப எவன் எடுப்பான்னு நெனச்சோம். எடுத்துட்டான்."

பிர்தௌஸ் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ வலதை எடுக்க?"

"வெறுங்காலோட மதில சுத்திப் போனேன். ஆனா ஒண்ணு, சுடவே இல்ல."

"அதாங்கய்யா பிரச்சினையே. சுட்டாலும் உங்க காலுக்குத் தெரியாது."

சர்க்கரை நோயால் பாதத்தில் புண் வந்தவர்களுக்கு, அவரவர் காலை அச்செடுத்துச் செருப்புக்கு உள்மெத்தை செய்வது பிர்தௌஸின் தொழில். ஓய்வுபெற்ற கண்டக்டர் ராஜமாணிக்கத்துக்கு இடது கட்டைவிரலுக்குக் கீழே புண். அங்கே உடம்பின் எடை விழாதபடி மெத்தையில் ஒரு பள்ளம் வெட்டியிருந்தாள். மாதக் கடைசிக்குள் புண் ஆறத் தொடங்காவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் கோயிலுக்குப் போகாவிட்டால் நானே போய்விடுவேன் என்று ராஜமாணிக்கம் சொல்லிவிட்டார்.

முதல் ஜோடியை அழகாகச் செய்தாள். வாரம் திரும்புவதற்குள் காணவில்லை. அழகுதான் வினை என்று இரண்டாவதற்குக் கிளிப்பச்சை ரெக்சின் போட்டாள். "கல்யாண வீட்டு ஷாமியானா மாதிரி இருக்குது" என்று முகம் சுளித்துக்கொண்டே போட்டுப்போனார். அதுவும் போனது. இப்போது இந்த ஒற்றை. ஒவ்வொரு முறையும் வெறுங்காலோடு திரும்பியதில் புண் அகலமாகிக்கொண்டே வந்தது.

"யாராச்சும் பாத்திருப்பாங்க. வாங்க, மூணையும் சொல்லிக் கேக்கலாம்."

ராஜகோபுரத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் கற்பூரம் விற்கும் முருகையன் பார்த்திருந்தார். "பச்ச செருப்பா? வெள்ளக்காரர் ஒருத்தரு போட்டிருந்தாரும்மா. ஆசிரமத்துப் பக்கம் போனாரு."

ஆட்டோ பிடித்தார்கள். ஆசிரமத்துக்கு அருகே ஒரு காபிக் கடையில், பச்சைச் செருப்போடு உண்மையாகவே ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். கால், புண், பள்ளம் என்று பிர்தௌஸ் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். அவர் கண் கலங்கக் கேட்டார். பிறகு செருப்பைக் கழற்றிக் கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் நீட்டிவிட்டு, வெறுங்காலோடு மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

செருப்பில் பள்ளமே இல்லை. ராஜமாணிக்கத்தின் கால் இரண்டும் அதில் ஒன்றாக நுழையும்.

"இந்த ஊரு வழக்கம்னு நெனச்சுட்டாரு போல" என்றார் ராஜமாணிக்கம்.

வெள்ளைக்காரரைத் துரத்திப் பிடித்துத் திரும்பப் போடவைப்பதற்குள் ராஜமாணிக்கத்தின் புண்ணில் போட்டிருந்த கட்டு ரத்தத்தில் சிவந்துவிட்டது.

பிர்தௌஸ் இன்னொரு ஜோடி செய்தாள். இந்த முறை தானே கூடப் போய், அதை முருகையனின் கையிலேயே கொடுத்தாள்.

"அண்ணே, இது செருப்பு இல்ல, இவரோட விரலு. உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறோம்."

முருகையன் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன நம்பியா?" என்றார். பிறகு கற்பூரப் பெட்டிகளை ஒதுக்கி, வண்டிக்குள் இடம் செய்தார்.

அதன்பிறகு செருப்பு தொலையவில்லை. மாதக் கடைசியில் டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, "விரல் இருக்கட்டும்" என்றார். ராஜமாணிக்கம் பட்டறைக்குச் சர்க்கரைப் பொங்கல் வாங்கிவந்தார். தான் மட்டும் தொடவில்லை. பிர்தௌஸ் சாப்பிட்டு முடிக்கும்வரை ஏக்கத்தோடு பார்த்திருந்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் தெரு திரும்பியதும் முருகையன் உள்ளே வந்தார். இடது பாதத்தில் பழைய துணி சுற்றியிருந்தது. பையைக் கவிழ்த்தார். அழகாக ஒன்று, கிளிப்பச்சையில் ஒன்று, அப்புறம் அந்த ஒற்றை: மூன்று இடது கால் செருப்புகள் மேசைமேல் விழுந்தன.

"மூணு தடவ எடுத்துப் பாத்துட்டேம்மா, மூணுலயும் கட்டவிரலுக்குக் கீழயே பள்ளம் போட்டு வெச்சிருக்கீங்க. எனக்குப் புண்ணு சுண்டுவிரல்கிட்ட. கொஞ்சம் தள்ளி வெட்டிக் குடுக்குறீங்களா?"