ரொட்டியின் வயிறு

ரொட்டி மறுபடியும் சாப்பிடவில்லை.

வேலை முடிந்து வந்த ரமணி தோள்பையைக்கூடக் கழற்றாமல் கூண்டின் முன் உட்கார்ந்தாள். காலையில் வைத்த காய்ந்த புல் வைத்தபடியே இருந்தது. முயல் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியிருந்தது. வயிற்றில் கை வைத்தாள். பல்லை நறநறவென்று கடித்தது. வலித்தால் முயல் கத்தாது. அவ்வளவுதான் செய்யும்.

கூண்டின் அடித்தட்டை வெளியே இழுத்தாள். வழக்கமாகத் தட்டு நிறையப் புழுக்கை கிடக்கும். இன்று பதினான்குதான். அவையும் சிதறிக் கிடக்கவில்லை. விரித்திருந்த நாளிதழின் மடிப்புக் கோடுகள் தட்டை நான்கு கட்டமாகப் பிரித்திருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் கிடந்ததை யாரோ நடுவில் கூட்டி வைத்திருந்தார்கள். ஏழு. இரண்டு. மூன்றாவது கட்டம் காலி. கடைசியில் ஐந்து.

வாசல் கிரில் பூட்டியிருந்தது. அவள்தான் இப்போது திறந்து வந்தாள். கூண்டு கிரிலை ஒட்டி உட்பக்கம் இருந்தது. புல் தூசி மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது என்பதால் அங்கே வைத்திருந்தாள்.

எதிர்வீட்டுப் பவுனம்மாள் கதவைத் திறந்தாள். அறுபது தாண்டியவள். நடந்தால் காலடி கேட்காது.

“என்னம்மா, மறுபடியுமா?”

“மூணாவது தடவக்கா. போன புதன், போன சனி, இப்ப இந்தப் புதன்.”

“பாவம்லா அது,” என்றாள் பவுனம்மாள். கூண்டைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டி மகளின் முயல். விஷ்ணுப்ரியா படிக்க விமானமேறிக் கூச்சிங் நகரத்துக்குப் போகும்போது ஒன்றுதான் கேட்டாள்: “நான் திரும்பி வர்றப்ப இது இருக்கணும்மா.” வரும் ஞாயிறு போய் அடுத்த ஞாயிறு அவள் வருகிறாள்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ரமணி பெட்டாலிங் ஜெயாவிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கூண்டோடு போனாள். டாக்டர் இளம்பெண். முயலின் வயிற்றில் விரலால் தட்டிக் கேட்டாள்.

“ஆன்டி, பழம் குடுக்கறீங்களா?”

“புல்லத் தவிர ஒண்ணும் குடுக்கறதில்ல டாக்டர்.”

“வாழைப்பழம் தின்னிருக்கு. நெறைய.”

“எங்க வீட்டுல வாழைப்பழமே இல்ல.”

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள். “முயலுக்குக் குடல் ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னா ஒரு நாள்தான். தினம் புழுக்கைய எண்ணுங்க. முன்னூறு வரணும். குறைஞ்சா உடனே கொண்டாங்க.”

பகலில் எண்ண ஆள் வேண்டும். ரமணி ஒரு சாவியைப் பவுனம்மாளிடம் கொடுத்தாள்.

“சிரமம்தான்க்கா. தெனம் எண்ணணும்.”

“எண்றதுதானே,” என்றாள் பவுனம்மாள். “எண்ணிடலாம்.”

வியாழன் சாயங்காலத்துக்குள் நூற்று எண்பது. வெள்ளி முன்னூற்றுப் பத்து. அரை நாள் வேலை முடிந்து சனிக்கிழமை மதியம் வந்தபோது நடைவழியில் கற்பூர வாசம் அடித்தது.

ரொட்டி மூலையில் கூனிக்கிடந்தது. நெற்றியில் குங்குமம். கூண்டுக்கு முன் சிமெண்டுத் தரையில் கற்பூரம் எரிந்த கறுப்பு வட்டம். தட்டில் மூன்று, ஒன்று, எட்டு, ஆறு.

“அக்கா, யாரு வந்தது?”

“நான் கறிக்குத் தாளிச்சிட்டு இருந்தேன்மா. திரும்பிப் பார்க்கறதுக்குள்ள இப்படி.”

“கிரில் பூட்டிருந்துச்சா?”

“பூட்டித்தான் இருந்துச்சு.” பவுனம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “இது யாரோ செய்ற வேலை.”

ரமணி கணவனுக்குப் போன் செய்தாள். லோகன் ஜோகூருக்கு லோரி ஓட்டுகிறவன். வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் இருக்கமாட்டான்.

“செய்வினையா? முயலுக்கா?”

“குங்குமம் வெச்சிருக்காங்க.”

“நம்மளயே யாரும் கண்டுக்க மாட்டாங்க ரமணி. முயல எவன் தேடி வந்து வைக்கப் போறான்?”

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. இந்த அடுக்குமாடிப் பிளாக்கில் யாரும் யாருக்காகவும் உருகுகிறவர்கள் இல்லை. போன வருடம் லோகனின் லோரி வாசல் கேட்டில் மோதி நின்றபோது காவலாளி சின்னையா முதலில் நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் கதவைத் திறந்து ஆளை இறக்கினார். அன்று சாயங்காலம் பாதிப் பிளாக் லாட்டரிக் கடையில் அந்த நான்கு இலக்க எண்ணோடு நின்றது. லோகனுக்கு நெற்றியில் தையல் போட்டதை ஒருவரும் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவர்கள் இப்போது லிஃப்டில் அவளைப் பார்த்தால் மெதுவாகக் கேட்டார்கள். “ரொட்டி எப்படி?”

“நல்லா இருக்கு,” என்றால் முகம் வாடியது. “முடியல,” என்றால் தலையை ஆட்டிவிட்டு, கதவு திறந்ததும் வேகமாகப் போனார்கள்.

திங்களும் செவ்வாயும் முயல் குதித்தது. செவ்வாய்க்கிழமை ரமணி பக்கத்துச் சந்து முனீஸ்வரர் கோயில் பூசாரி கார்த்திகேசுவை வரவழைத்தாள். ஒரு கையில் வேப்பிலையும் இன்னொரு கையில் எலுமிச்சையுமாக வந்தார்.

“என்ன நட்சத்திரம்?”

“எனக்கா?”

“முயலுக்கு.”

“தெரியலங்க சாமி. செலாயாங் பாசார்ல வாங்கினது.”

“எந்த நேரம்?”

“மத்தியானம் இருக்கும்.”

அவர் கணக்குப் பார்த்தார். முயலின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினார். அது கயிற்றைக் கடித்துப் பார்த்தது. பிறகு தட்டின் முன் குனிந்து நின்றார். உதடு வேகமாக அசைந்தது. மந்திரம் என்று ரமணி நினைத்துக்கொண்டாள். நூற்றுக்கு மேல் போனதும் நிறுத்திவிட்டார். முகத்தில் சலிப்பு.

“இன்னிக்கு நேரம் சரியில்ல,” என்றார். “நாளைக்கு நானே வந்து பாக்கறேன். நீங்க வேலைக்குப் போங்க. சாவி அந்தம்மாகிட்ட இருக்குல்ல?”

ஐந்தாம் மாடி முழுவதும் வெளியே வந்து நின்றது. பூசாரி கீழே போனதும் ஒவ்வொருவராக வந்து கூண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஆறுதலாக இருந்தது ரமணிக்கு. கொஞ்சம் குளிரவும் செய்தது.

“சந்தேகம்னு யார் மேலயாச்சும்?” பவுனம்மாளிடம் கேட்டாள்.

பவுனம்மாள் தன் வீட்டு நிலையில் சாய்ந்துகொண்டாள். அவள் பின்னால் புதுக் குளிர்சாதனப் பெட்டி ஒன்று, அட்டையைக்கூடப் பிரிக்காமல், நடு வீட்டில் நின்றது.

“எல்லாரும் ரொட்டி எப்படின்னு கேக்கறாங்க. கீழ துணிக்கடை முத்து பீவி ஒரு நாளாச்சும் கேட்டிருக்கா?”

ரமணி யோசித்துப் பார்த்தாள். கேட்டதில்லை. கூண்டோடு போனால் முத்து பீவி முகத்தைத் திருப்பிக்கொண்டு புடவை மடிப்பார்.

புதன்கிழமை சாயங்காலம் லிஃப்டிலிருந்து இறங்கியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நடைவழியில் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. கடைசிக் கதவு சாத்தியதும் அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

கூண்டின் மேல் இரண்டு சாமந்தி மாலை. பக்கத்தில் உடைத்த தேங்காய். ரொட்டி படுத்திருந்தது. காது குளிர்ந்திருந்தது. தட்டில் நான்கு, காலி, காலி, ஒன்று.

அன்று டாக்டர் ஊசி போட்டு, குழாயால் மருந்து ஊற்றி, இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்கும்போது சிரிக்கவில்லை.

“ஆன்டி, தேங்காயும் தின்னிருக்கு. இன்னொரு தடவ இப்படி வந்தா என்கிட்ட கொண்டு வராதீங்க. உயிரோட வந்து சேராது.”

ரமணி வண்டியில் கூண்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். ஏர்போர்ட்டிலிருந்து நேராகக் கூண்டைத் தேடி வருவாள்.

வழி ஒன்றுதான் இருந்தது. கிள்ளானில் தம்பி கிஷன் தனி வீட்டில் இருந்தான். போனில் சொன்னாள். சிரித்தான்.

“முயலுக்குத் தலைமறைவு வாழ்க்கையா? சரி, சனிக்கிழமை காலைல வந்து ஏத்திக்கறேன்.”

யாரிடமும் சொல்லவில்லை. பவுனம்மாளிடம் மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. கூண்டின் மேல் போர்வையைப் போட்டு லிஃப்டில் ஏறினாள். போர்வைக்குள் ரொட்டி புல் மெல்லும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே அவள் எதுவும் செய்வாள்.

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. முப்பது பேர் இருப்பார்கள். இரண்டு வரிசையாக, நடுவில் வழி விட்டு நின்றார்கள். சின்னையா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பூசாரி கார்த்திகேசு கைகூப்பியிருந்தார். பவுனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சவ ஊர்வலத்தில் போவதுபோல் ரமணி கூண்டைச் சுமந்து நடந்தாள்.

“இன்னிக்குப் போகணுமா அக்கா?” என்றார் சின்னையா. “நாளைக்கு மறுநாள் போலாமே.”

அவள் நிற்காமல் நடந்தாள். கிஷனின் கார் துணிக்கடை வாசலில் நின்றது. முத்து பீவி கடையின் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். கூண்டைப் பார்த்ததும் வழக்கம்போல முகத்தைத் திருப்பினார்.

ரமணியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“எதுக்கு பீவி இப்படிச் செய்றீங்க? வாயில்லாத ஜீவன். என் மகளோடது. இந்தப் பிளாக்ல எல்லாரும் கேட்டாங்க, ரொட்டி எப்படின்னு. நீங்க ஒருத்தர் மட்டும் கேக்கல.”

முத்து பீவி திரும்பினார். ரமணியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் இரண்டு வரிசையாக நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். கார்த்திகேசுவின் மடியிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் எட்டிப் பார்த்தது.

“நான் எதுக்கும்மா கேக்கணும், எங்களுக்கு லாட்டரி ஆகாது,” என்றார் முத்து பீவி. “நல்லா இருந்தா முன்னூறு போடும், அத யாரு எண்றது. குலுக்கல் நாளாப் பார்த்து வயித்தக் கெடுத்து விட்டாத்தான கட்டத்துக்கு ஒண்ணா நாலு நம்பர் வருது. மூணு தடவ அடிச்சிருக்கு, மால போட்டவங்க உனக்குப் பங்கு தரலியா?”